களர் வயலுக்கு மழைக்கு முன்பே ஜிப்சம்

திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்துக் கடலோரக் களர் வயல்கள் (சோடியம் மிகுந்தவை) சில புரட்டாசி வரை பொலபொலவென்று இருக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் தண்ணீர் இறங்காது; காய்ந்தால் மண் பாளமாக இறுகும். உப்பு மிகுந்திருக்கும்வரை களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மழை உப்பைக் கழுவிவிடும், ஆனால் களியைப் பிடித்த சோடியம் அப்படியே நிற்கும். உப்பு குறைந்த நீரில் அந்தக் களி பிரிந்து மிதந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். சோடியத்தை விலக்கிக் களியில் அதன் இடத்தைப் பிடிப்பது கால்சியம்; அதைத் தருவது ஜிப்சம். ஆகவே அது மழைக்கு முன்பே மண்ணில் இருந்தாக வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நிழலில் உலர்த்திய பட்டாணி அளவு மண்கட்டி இரண்டு எடுங்கள். ஒன்றை மழைநீர் உள்ள கண்ணாடி டம்ளரில் மெல்ல இடுங்கள். மற்றொன்றை ஒரு சிட்டிகை ஜிப்சம் கலக்கிய மழைநீரில் இடுங்கள். குலுக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் முதல் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவி, இரண்டாவதில் நீர் தெளிவாகவே இருந்தால் சோடியம்தான் கோளாறு. போர்த் தண்ணீரில் சோதித்தால் அதிலுள்ள உப்பே கலங்கலை மறைத்துவிடும்.

அளவை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். பிஎச் 8.5-க்கு மேல், மாற்று சோடியம் (களியைப் பிடித்திருக்கும் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர். 100 கிராம் மண்ணில் நீக்க வேண்டிய ஒவ்வொரு மில்லிஈக்விவலன்ட் (பரிசோதனை அறிக்கையில் வரும் அளவு) சோடியத்துக்கும், மேல் 15 செ.மீ. மண்ணுக்கு, ஏக்கருக்குச் சுமார் 750 கிலோ சுத்த ஜிப்சம் பிடிக்கும். 75 சதவீதத் தரமென்றால் ஒரு டன்.

வரப்பை உயர்த்தி, தூளாக்கிய ஜிப்சத்தைச் சீராகத் தூவி, 10 செ.மீ. ஆழத்துக்குள் கலந்துவிடுங்கள். ஆழ உழுதால் மேல்மண்ணுக்குப் போதாமல் போகும். ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவே கரையும், அதனால் 10 செ.மீ. நீரைத் தேக்கிச் சில நாள் ஊறவிட்டு, வடிகாலில் வெளியேற்றி, மறுபடி தேக்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். வடிகால் இல்லாவிட்டால் விடுபட்ட சோடியம் வயலிலேயே தங்கிவிடும்.

பிஎச் 9-ஐத் தாண்டினால் கால்சியம் சுண்ணாம்பாக இறுகும், மக்கு கரைந்து தேங்கிய நீர் கறுக்கும், துத்தநாகம் பயிருக்கு எட்டாது. நெல்லுக்கு ஏக்கருக்கு 15 கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவுங்கள். பாஸ்பேட் உரத்தோடு சேர்க்க வேண்டாம். நெல் ரகத்துக்குக் களரைத் தாங்கும் டிஆர்ஒய் 3 பார்க்கலாம். நீர் வசதி இருந்தால் தக்கைப்பூண்டு 20 கிலோ விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள்.

மிளகாய்க்குப் போர்த் தண்ணீர் பாய்ச்சுவோர் அந்த நீரில் பைகார்பனேட்டையும் பார்த்துவிட வேண்டும். அது மிகுந்தால் கால்சியம் படிந்து, மண்ணில் சோடியம் மறுபடி ஏறும்.