பிடிஎம்எஸ் ரப்பரில் நுண்குழிகள்: ஒரு குழிக்கு ஒரு செல்

லட்சம் செல்களை மொத்தமாக அளந்தால் சராசரிதான் கிடைக்கும். மருந்துக்குத் தப்பிய அந்த ஒரு செல்லைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனிக் குழியில் உட்கார வைக்க வேண்டும். பணியாரச் சட்டி மாதிரிதான், பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் வார்ப்பது. குழியின் அகலம் மட்டும் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

முதலில் அச்சு. சிலிக்கான் வேஃபர் என்ற மெல்லிய தகட்டின் மேல், ஒளி பட்டால் இறுகும் எஸ்யூ-8 பிசினால் 20 மைக்ரான் உயரத் தூண்கள் எழுப்பியிருப்பார்கள். அச்சில் தூண் இருந்தால் வார்ப்பில் குழி விழும். இதற்குத் தூசியில்லாத தூய அறை வேண்டும். அந்த வசதி உள்ளவர்களிடம் ஒருமுறை செய்து வாங்கினால் பல வார்ப்புகளுக்கு வரும். முதல் வார்ப்புக்கு முன் ஃப்ளோரோசிலேன் ஆவி காட்டிவிடுங்கள், இல்லையென்றால் ரப்பரோடு தூண்களும் பெயர்ந்து வரும்.

அடுத்து வார்ப்பு. சில்கார்ட் 184 (கடையில் கிடைக்கும் பிடிஎம்எஸ் கலவை) பிசின் 30 கிராம், இறுக்கி 3 கிராம். 9 செ.மீ. பெட்ரி தட்டில் ஊற்றினால் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமன். நன்றாகக் கலக்கி, அச்சின் மேல் ஊற்றி, வெற்றிடத்தில் குமிழ்கள் அடங்கும்வரை வைத்து, 65 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். கையில் நைட்ரைல் உறை போடுங்கள். லேடெக்ஸில் உள்ள கந்தகம் பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

உரித்தெடுத்ததும் வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். எனக்குப் பலமுறை கெட்டுப்போனது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பிடிஎம்எஸ்ஸில் தண்ணீர் ஒட்டாது. அதன்மேல் பஃபர் (செல்களுக்கு ஏற்ற உப்புக் கரைசல்) விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வொரு குழியிலும் தடித்த கறுப்பு வளையம் தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது, செல் இறங்கவே இறங்காது. மேற்பரப்பில் நீர் ஒட்டும்படி மாற்றும் பிளாஸ்மா கருவி இருந்தால், அதில் காட்டிய கையோடு பஃபரை ஊற்றுங்கள், தள்ளிப்போட்டால் மேற்பரப்பு பழையபடி நீரை விலக்க ஆரம்பித்துவிடும். கருவி இல்லையா? முதலில் 70 சதவீத எத்தனால், அது காய்வதற்குள் மூன்று முறை பஃபர் மாற்றம். பிறகும் வளையம் தெரிந்தால் பஃபரோடு சேர்த்து வெற்றிடத்தில் பத்து நிமிடம் வையுங்கள், குமிழ்கள் மேலே வந்துவிடும்.

பிறகு 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) கரைசலில் ஒரு மணி நேரம், செல்கள் குழிகளுக்கு இடையிலுள்ள மேட்டில் ஒட்டாமலிருக்க.

செல் கரைசலை 40 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மேலே விட்டு, 15 நிமிடம் ஆடாமல் வையுங்கள். பிறகு ஓரத்திலிருந்து மெதுவாகக் கழுவுங்கள். 15 மைக்ரான் செல்லுக்கு 20 மைக்ரான் குழி என்றால் இரண்டாவது செல்லுக்கு இடமிருக்காது. அகலமான குழியில் செல்கள் விழுவது தற்செயல். அப்போது தற்செயல் நிகழ்வுகளுக்கான பாய்ஸான் நிகழ்தகவுக் கணக்குப்படி அதிகபட்சம் 37 சதவீதக் குழிகளில்தான் ஒற்றைச் செல் இருக்கும். நூறு குழிகளை எண்ணிப் பாருங்கள். இரட்டைகள் அதிகமென்றால் அடுத்த முறை கரைசலைப் பாதியாக நீர்க்கச் செய்யுங்கள்.