காயப்பட்ட ராணுவ வீரர்களுக்கு ப்ளூ பேட்ஜ்: இங்கிலாந்தில் வாங்குவது எப்படி?

என் தம்பி பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவன். பணியில் முட்டியும் இடுப்பும் அடிபட்டு வெளியே வந்தான். அவனுக்கு ப்ளூ பேட்ஜ் (நடக்கச் சிரமப்படுபவர்கள் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்த உதவும் அனுமதி அட்டை) வாங்கியதிலிருந்து, தெரிந்த மற்ற வீரர்களுக்கும் விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். யார் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: இழப்பீட்டுக் கடிதம் எங்கே?

பாதி வேலையை அந்தக் கடிதமே முடித்துவிடும். 2005 ஏப்ரல் 6 முதல் பணியால் வந்த காயங்களுக்கு 'ஆர்ம்ட் ஃபோர்சஸ் காம்பன்சேஷன் ஸ்கீம்' என்ற ராணுவ இழப்பீட்டுத் திட்டம் உண்டு. அதில் டாரிஃப் (காயத்தின் கடுமைப்படி வைத்திருக்கும் படிநிலை) 1 முதல் 8 வரை ஏதாவதொன்றில் ஒரே தவணையாக மொத்தத் தொகை கிடைத்திருக்க வேண்டும். நடக்கவே முடியாத, அல்லது நடப்பது பெரும்பாடான நிரந்தர ஊனம் என்ற சான்றும் வேண்டும். இரண்டும் இருந்தால், பேட்ஜ் தரும் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) தனியாக மதிப்பீடு செய்யாது. அதற்கு முந்தைய காயத்துக்கு வார் பென்ஷன். அதோடு 'வார் பென்ஷனர்ஸ் மொபிலிட்டி சப்ளிமெண்ட்' என்ற, நடக்கச் சிரமப்படுபவருக்கான கூடுதல் தொகை வாங்குகிறவருக்கும் இதே நேர்வழிதான். அவர் வாகன வரி விலக்கும் கேட்கலாம், விட்டுவிடாதீர்கள். கடிதம் தொலைந்திருந்தால், இழப்பீடு வழங்கிய பாதுகாப்பு அமைச்சகப் பிரிவிடமே மறுபடி கேட்டு வாங்குங்கள்.

இந்த நேர்வழியில் வராதவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கவுன்சில் மதிப்பிடும். இங்கேதான் நம் ஆட்கள் தோற்கிறார்கள். "எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?" என்றால் "சமாளித்துக்கொள்வேன்" என்பார்கள். வலியை வெளியே சொல்லாமல் பழக்கப்பட்டவர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். எத்தனை அடியில் வலி தொடங்குகிறது, எங்கே நிற்க வேண்டியிருக்கிறது, ஊன்றுகோல் வேண்டுமா, நடந்த பிறகு எவ்வளவு நேரம் எழ முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கூடவே இருக்கும் மனைவியோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது. வீரர் மறைப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

காயம் மனதில் என்றாலும் கேட்கலாம். 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் வெளியே தெரியாத பாதிப்புகளும் கணக்கில் வருகின்றன. காரிலிருந்து போகிற இடம் வரை நடப்பதே கடும் மன வேதனை தருகிறதென்றால், அது எப்படி நேர்கிறது என்று எழுதி, சிகிச்சை தருபவரின் கடிதத்தையும் சேருங்கள்.

அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் வேண்டும், மேலே சொன்ன கடிதம் இருந்தால் அதையும் சேருங்கள். இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுண்டுக்கு மேல் போகாது. முடிவு வர 12 வாரம் வரை ஆகலாம்.

பேட்ஜ் ஆளுக்குத்தான், காருக்கு அல்ல. யார் ஓட்டினாலும், பேட்ஜுக்கு உரியவர் அதில் பயணம் செய்தால் பயன்படுத்தலாம். அவர் இல்லாமல் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம். மற்றவர்கள் நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் 3 மணி நேரம் வரை நிறுத்தலாம், வந்த நேரத்தைக் கடிகார அட்டையில் காட்டி வைக்க வேண்டும். ஆனால் நடைபாதை விளிம்பில் மஞ்சள் குறுக்குக் குறிகள் இருந்தால், பொருள் ஏற்றி இறக்கத் தடை என்று பொருள், அந்த நேரத்தில் அங்கே நிறுத்தக் கூடாது. மத்திய லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், சிட்டி ஆஃப் லண்டன் போன்ற இடங்களுக்கு விதி வேறு. மருத்துவமனை, சூப்பர் மார்க்கெட் கார் பார்க்குகளில் அந்தந்த இடத்துப் பலகையைப் படியுங்கள்.

பேட்ஜ் அதிகபட்சம் 3 ஆண்டு செல்லும். தானாகப் புதுப்பிக்கப்படாது. காலாவதி ஆவதற்கு மூன்று மாதம் முன்பே அதே கடிதத்தோடு திரும்ப விண்ணப்பியுங்கள்.