பல் வலிக்கும் முன்பே பல் டாக்டரிடம் போவது எப்படி?

முப்பத்தாறு வயது வரை நான் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளி ராத்திரி, இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் அதிரசம் மாட்டியது. பதினோரு மணிக்கு வலி ஆரம்பித்தது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், மாத்திரை போட்டேன். படுத்தால் விண் விண்ணென்று தெறிக்கிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்குகிறது. விடியும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பல்லுக்கு நரம்பை எடுத்து அடைக்கும் ரூட் கெனால், மேலே உறை மாட்டும் கேப் என்று நான்கு தடவை அலைந்தேன். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஒரே சிட்டிங்ல அடைச்சு அனுப்பியிருப்பேன்" என்றார் டாக்டர்.

அந்த நான்கு தடவையில் கேட்டுத் தெரிந்துகொண்டதும், வீட்டில் மாற்றிக்கொண்டதும்தான் இந்தப் பதிவு. இதுவரை பல் டாக்டரிடமே போகாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: சொத்தை எப்படி வருகிறது?

நம் பக்கம் சொத்தையைப் பூச்சிப் பல் என்பார்கள். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாயில் புகை பிடித்தால் புழு கீழே விழும் என்று என் பாட்டி சத்தியம் செய்வாள். பல்லுக்குள் பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. பல்மேல் ஒட்டியிருக்கும் கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் கெட்டியான மேலோட்டை, அதாவது எனாமலை, அரிக்கிறது. எச்சில் ஓரளவு அதைச் சரிசெய்துவிடும், ஆனால் அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு லட்டு தின்பவரைவிட, காலையிலிருந்து சாயங்காலம் வரை சர்க்கரை போட்ட டீயை ஆறு தடவை உறிஞ்சுபவருக்குத்தான் சொத்தை வரும் வாய்ப்பு அதிகம். எச்சிலுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். அதனால்தான் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளின் முன்பற்கள் சீக்கிரம் கறுத்துப்போகின்றன.

எனாமலில் நரம்பு கிடையாது. அரிப்பு அதைத் தாண்டி உள்ளே போகும்வரை வலி எட்டிக்கூடப் பார்க்காது. வலி வந்துவிட்டதென்றால் வேலை பாதிக்குமேல் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 2: பிரஷ்

காலையில் மட்டும் தேய்ப்பவர் என்றால், ராத்திரி படுக்கும் முன்பும் ஒருமுறை தேயுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ் 'சாஃப்ட்' என்று போட்டதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. பேஸ்ட் விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்க வேண்டாம், பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அரிசி அளவு. டியூபின் பின்பக்கத்தில் ஃபுளோரைடு என்று இருக்கிறதா, 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகை பேஸ்ட் பலவற்றில் இது இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ குடித்து வளரும் குழந்தைகளுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். அங்கே நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை விழுவது அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கும் இதுதான் காரணம்.

தேய்க்கும் விதம்: பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக அசையுங்கள். இரண்டு மூன்று பல்லுக்கு ஒருமுறை நகருங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். பாத்திரம் விளக்குவதுபோல் இழுத்து இழுத்துத் தேய்த்தால் ஈறு ஓரத்தில் பல் வெட்டுப்பட்டதுபோல் தேய்ந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். நாக்கு நுனியால் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைத் தடவுங்கள். வழவழவென்று இருக்கிறதா, சொரசொரவென்று இருக்கிறதா? சொரசொரப்பாக இருந்தால் அது பெரும்பாலும் காரை. எச்சில் சுரப்பி அங்கே திறப்பதால் அந்த இடத்தில்தான் முதலில் படியும். பல்மேல் இருக்கும் மெல்லிய படலத்தைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் அதுவே இறுகிக் காரையாகிறது. இறுகிய பிறகு எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். எனக்கு இது பழகவே ஒரு மாதம் ஆனது. காலையில் வாயில் பேஸ்ட் வாசனையோடு காபி குடிப்பது ஒரு கொடுமை என்பதால், காபியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

ஈறில் ரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தைத் தேய்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். அங்கே அழுக்கு தங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது. மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். குறையவில்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழியைச் சொல்லி என் மாமனார் இன்றும் வேப்பங்குச்சிதான். குச்சியைப் பஞ்சுபோல் மென்று, மென்மையாகத் தேய்த்தால் கெடுதல் இல்லை. கடைவாயின் உள்பக்கத்துக்கு அது எட்டாது என்பதுதான் சிக்கல். ஆனால் செங்கல் தூளும் உமிக்கரியும் வேண்டவே வேண்டாம், எனாமலைச் சுரண்டிவிடும்.

படி 3: பல் இடுக்கு

மட்டன் குழம்பு அன்று எங்கள் வீட்டில் ஊக்கு, துடைப்பக் குச்சி, தீக்குச்சி என்று ஆளுக்கொரு ஆயுதத்தோடு வாசலில் நிற்பார்கள். ஈறு கிழிவதுதான் மிச்சம். மருந்துக் கடையில் ஃப்ளாஸ் என்று நூல் கிடைக்கும். முழங்கை நீளத்துக்கு எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றிக்கொண்டு, இடுக்கில் மெதுவாக அசைத்து இறக்கி, ஒரு பல்லை அணைத்தபடி மேலும் கீழும் இழுங்கள். பிறகு பக்கத்துப் பல். முதல் வாரம் கை வளையாது, எரிச்சலாக வரும். ராத்திரி ஒருமுறை போதும். இடுக்கு அகலமாக இருந்தால் இதற்கென்றே இருக்கும் குட்டி பிரஷ் இன்னும் சுலபம்.

படி 4: டாக்டரிடம் கிளம்புமுன்

பலகையில் பிடிஎஸ் அல்லது எம்டிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். செலவு கவலை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகள் நல்ல வழி. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் வந்து சரிபார்ப்பார். நேரம் ஆகும், காலையிலேயே போய்விடுங்கள்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். பயமும் பசியும் சேர்ந்தால் ஊசி போட்டதும் மயக்கம் வரலாம். தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். சுகர், பிபி, இதய வால்வுப் பிரச்சினை, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எதையும் மறைக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல், முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 5: நாற்காலியில்

டாக்டர் சின்னக் கண்ணாடியும் வளைந்த கம்பியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார். உதவியாளரிடம் ஏதோ எண்கள் சொல்வார். என்னைப் பார்த்து "36" என்றதும் வயதைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினேன். வாயை நான்கு பகுதியாகப் பிரித்துப் பல்லுக்கு எண் கொடுப்பார்களாம். 3 என்பது இடது கீழ்ப்பகுதி, அதில் நடுவிலிருந்து 6ஆவது பல். அந்த 6ஆம் பல் ஏறக்குறைய ஆறு வயதில் முளைக்கிறது. எந்தப் பாற்பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் வருவதால், விழப்போகிற பல்தானே என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது விழாது, கடைசிவரைக்கும் அதுதான். உங்கள் பிள்ளைக்கு ஆறு ஏழு வயது என்றால் இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு எக்ஸ்ரே. விரல்நுனி அளவு சென்சாரை வாய்க்குள் வைத்து எடுப்பார்கள், கதிர்வீச்சு மிகக் குறைவு. கொஞ்சம் குமட்டும், மூக்கால் மூச்சு விட்டால் அடங்கும்.

வேலை தொடங்குமுன் "வலிச்சா இடது கையைத் தூக்குறேன், நிறுத்திடுங்க" என்று சொல்லி வையுங்கள். இந்த ஒரு வார்த்தையில் என் பயம் பாதி போனது. மரத்துப்போகும் ஊசி கட்டெறும்பு கடித்ததுபோல் இருக்கும். சிலருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், மருந்தில் அட்ரினலின் கலந்திருப்பதால் அப்படி. ஐந்து நிமிடத்தில் பாதி உதடு வீங்கி இட்லி மாதிரி ஆனதுபோல் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வாய் கொப்பளிக்கச் சொன்னபோது தண்ணீர் மரத்த பக்கமாக வழிந்து என் சட்டை நனைந்தது. மரப்பு விட இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை எதையும் மெல்ல வேண்டாம், சூடாகக் குடிக்க வேண்டாம். குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பக்கத்திலேயே இருங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேலிங் சொல்வார்கள், அதாவது காரை எடுப்பது. கீச்சென்று சத்தம், நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். இதைச் செய்தால் பல் ஆடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். காரை அடைத்திருந்த இடம் காலியானதும் இடைவெளி தெரிகிறது, சில நாள் கூசுகிறது. காரையைப் பிடித்துக்கொண்டு பல் நிற்கவில்லை, அதுதான் ஈறைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

ரூட் கெனால் என்றால் பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பது. மரத்த பிறகு வலியைவிட வாயைத் திறந்தே வைத்திருப்பதுதான் கஷ்டம். கடைவாய்ப் பல்லுக்கு அதன்மேல் கேப் போடச் சொல்வார்கள். காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டால் பல் பிளந்துபோகலாம். மெட்டல், செராமிக், சிர்கோனியா என்று விலை மாறும். தொடங்குமுன்பே மொத்தச் செலவை ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பல்லை எடுத்துவிட்டால் பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள். அன்றைக்குத் துப்பாதீர்கள், எச்சிலை விழுங்குங்கள். ஸ்ட்ரா வேண்டாம், சிகரெட் வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம் பிடுங்கிக்கொண்டால் அடுத்த சில நாள் நரகம். ஐஸ்கிரீம் சாப்பிடலாம், ஸ்பூனால். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது

சில நாள் உயிரெடுத்த வலி தானாக நின்றுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம், உள்ளே சீழ் சேர்ந்துகொண்டிருக்கலாம். தாடை, கழுத்து வரை வீங்கி, காய்ச்சலும் விழுங்க முடியாத நிலையும் இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி, வெளியே ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, வாய் முழுசாகத் திறக்காமை இருந்தால் காட்டிவிடுங்கள், புகையிலை பாக்கு போடுகிறவர்கள் கட்டாயம்.

அப்புறம், தெருக் கிரிக்கெட்டில் பந்து பட்டு முன்பல் முழுசாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடி அலசுங்கள், தேய்க்க வேண்டாம். முடிந்தால் அதே குழியில் திரும்ப வைத்துக் கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கி, டம்ளரில் ஊற்றி, பல்லை அதில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணிக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. விழுந்தது பாற்பல் என்றால் மட்டும் திரும்ப வைக்காதீர்கள், உள்ளே வளரும் பல்லுக்கு அடிபடும்.