கறக்க உட்காரும் முன்

பால் கறப்பது கைவேலை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பாதி வேலை மாட்டின் மனசில் இருக்கிறது. அதட்டினால் சுரப்பை அடக்கிக்கொள்ளும். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஒரு நிமிஷத்தில் காம்புகள் திரண்டு நிற்கும். அப்புறம் தாமதிக்கக் கூடாது. 7, 8 நிமிஷத்துக்குள் கறந்து முடித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். ஒருநாள் எங்கள் பசுவின் பின்காம்பில் தயிர்த்துணுக்கு மாதிரி திரிதிரியாக வந்தது. தொட்டால் அந்தப் பக்கம் மட்டும் சூடு. மடிநோய்! அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைத்ததால் காம்பு தப்பியது.

கட்டைவிரலை மடக்கி வைத்துக் கறக்காதீர்கள், காம்பு புண்ணாகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்பக்கம் வளையமாக இறுக்க, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடட்டும். இழுக்க வேண்டாம், பிழிந்தால் போதும்.

கறந்ததும் தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் நின்று தின்னட்டும்.