புது கிராபிக்ஸ் கார்ட் போட்டதும் கொம்பியூட்டர் எழும்பவில்லையா?

கார்ட் பழுது என்று முடிவுகட்டி அதைக் கொழும்புக்கு அனுப்ப முன் கொஞ்சம் பொறுங்கள். திருகோணமலையில் இருந்து வாரண்டிக்கு அனுப்பினால் போய்வர நாள் செல்லும். அநேகமாகக் கோளாறு இருப்பது கார்டில் அல்ல, பவர் சப்ளையில், கேபிளில், இல்லாவிட்டால் பயோஸ் (மெசின் எழும்பும்போது முதலில் ஓடும் மதர்போட் மென்பொருள்) செட்டிங்கில்.

முதலில் மெசின் என்ன செய்கிறது என்று பாருங்கள். பட்டனை அமத்தினதும் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றால் பவர் பக்கம் பிழை. விசிறி ஓடியும் மொனிட்டர் கறுப்பாகவே இருந்தால் கேபிள், ஸ்லொட் (மதர்போட்டில் கார்ட் செருகும் இடம்), பயோஸ் மூன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் லோகோ வந்த பிறகு இருண்டால் அது அநேகமாக டிரைவர், அதாவது கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்.

படம் வராதவர்கள் மொனிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பார்க்கவும். மதர்போட்டின் எச்டிஎம்ஐயில் விட்டுவிட்டுத் தலையைப் பிய்க்கிறவர்கள் நிறையப் பேர். புதுக் கார்டில்தான் செருக வேண்டும். ஐ5-12400எஃப் மாதிரி எஃப் என்று முடிகிற புரொசசர்களில் உள்ளே கிராபிக்ஸே இல்லை. அவற்றில் மதர்போட் பக்கம் ஒருநாளும் படம் வராது.

அடுத்தது பொருத்தம். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அமத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். கேசின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கழற்றி, ஸ்லொட்டின் முனைக் கிளிப் 'டிக்' என்று விழும் வரை மீண்டும் அமத்துங்கள். பின்பக்கத் தகட்டை ஸ்க்ரூவால் இறுக்கும்போது மறுமுனை ஒரு மில்லிமீற்றர் மேலெழும்புவதுண்டு. இறுக்கின பிறகும் ஸ்லொட்டுக்குள் போகும் தங்க நிறப் பல் வெளியே தெரியக் கூடாது. உப்புவெளி, நிலாவெளி போலக் கடலோரம் பாவித்த செக்கண்ட் ஹாண்ட் கார்டென்றால் அந்தப் பற்கள் மங்கியோ பச்சை பிடித்தோ இருக்கலாம். 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்கஹோலைத் துணியில் நனைத்துத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். மண்தாள் வேண்டவே வேண்டாம். கார்டைத் தள்ளும்போது கை பட்டு ராம் அசைந்திருந்தாலும் இதே கறுப்புத் திரைதான், அதையும் ஒருக்கா அமத்திவிடுங்கள்.

பவர்தான் பெரிய விசயம். கார்ட் இருக்கும் பிசிஐஇ ஸ்லொட் தருவது 75 வாட், 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் 150. ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட் மட்டும் 170 வாட் இழுக்கும். தயாரிப்பாளர் என்விடியா அதற்குச் சொல்வது 550 வாட் சப்ளை. மலிவு சப்ளையில் பெரிதாக '500' என்று அடித்திருப்பதை நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ற் வரியின் அம்பியரை 12 ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாட், அவ்வளவுதான். ஒஃபிசில் பாவித்துக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் வாங்கியவர்களுக்கு இது கட்டாயம் வரும் பிரச்சினை: சப்ளை 300 வாட்டுக்குள், கார்டுக்கென்று கேபிளும் இல்லை. அதற்கு ஜிடிஎக்ஸ் 1650 இல் தனிப் பவர் கேபிள் கேட்காத மொடல்தான் சரி. சாட்டா (டிஸ்குக்குப் பவர் கொடுக்கும்) வயரில் இருந்து 6 பின் எடுக்கும் அடப்டர் உருகலாம், சாட்டா முனை தாங்குவது 54 வாட்தான்.

புரொசசருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2. ஒன்றை மற்றதில் அழுத்திச் செருகினால் 12 வோல்ற்றும் எர்த்தும் மாறி ஷோர்ட் ஆகும். வேறு சப்ளையின் கழற்றும் கேபிள்களையும் கலக்காதீர்கள்.

கேம் தொடங்கியதும் யூபிஎஸ் கத்தி நின்றால் கார்டைத் திட்டாதீர்கள். வீடுகளில் உள்ள 650 விஏ யூபிஎஸ் பல 360 வாட்டைத்தான் தாங்கும். சுவர் பிளக்கில் நேரே போட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சரியென்றால் பயோஸ். செட்டிங்கை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர, பிளக்கைக் கழற்றிவிட்டு மதர்போட்டின் சிஆர்2032 பற்றரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். அதற்கு முன் பிட்லொக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரிகவரி கீயை எழுதி வைப்பது நல்லது, பிறகு கேட்கலாம். டிடிஆர்5 ராம் உள்ள மெசின் இதன்பின் முதல்தடவை சில நிமிடம் இருட்டாகவே இருக்கும். பதறி நிறுத்த வேண்டாம். 2012 க்கு முந்திய கார்டென்றால் சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் ஆகவிடும் பயோஸ் செட்டிங்) ஒன் பண்ணினால்தான் படம் வரலாம். மாறாக, எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்கில் விண்டோஸ் இருக்கையில் சிஎஸ்எம்மை ஓஃப் பண்ணினால் டிஸ்க் பூட் ஆகாது. அது கார்டின் குற்றமில்லை.

டிரைவர் சிக்கலுக்கு சேஃப் மோடில் டிடியூ (டிரைவரை முழுதாக அழிக்கும் மென்பொருள்) ஓடவிட்டுப் பழையதை அழித்து, புதிதாகப் போடுங்கள்.

கடைசியாக, போதுமான சப்ளை உள்ள இன்னொரு மெசினில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கும் படம் வராவிட்டால் மட்டும் சீரியல் இலக்கத்தையும் வாரண்டி ஸ்டிக்கரையும் படமெடுத்துவிட்டு, பில்லோடு அனுப்புங்கள்.