திருத்தந்தையின் கூற்று ஒன்றுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று கண்டறிவது எப்படி?

திருத்தந்தை (போப்) சொல்வதெல்லாம் வழுவாதது, அதாவது தவற முடியாதது என்று எண்ணுவோரும் உண்டு. இத்தகைய வழுவா வரத்தோடு சொல்லப்படாத எதையும் கத்தோலிக்கர் ஒதுக்கிவிடலாம் என்று வாதிடுவோரும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை இவ்விரண்டையும் போதிப்பதில்லை. ஒரு கூற்றின் கனம் அது எந்த வகை ஆவணத்தில், யாரை நோக்கி, எத்தகைய சொற்களில் வந்துள்ளது என்பதைப் பொறுத்தது.

எனவே முதலில் ஆவணத்தின் முகப்பைப் பாருங்கள். சுற்றுமடல், அதாவது திருத்தந்தை திருச்சபைக்கு எழுதும் பொதுமடல், பெரும்பாலும் போதனைக்கு உரியது. மோத்து புரோப்ரியோ, அதாவது திருத்தந்தை தாமாகவே முன்வந்து வெளியிடும் ஆணை, பெரும்பாலும் சட்டத்துக்கு உரியது. புதன்கிழமை மறைக்கல்வி உரையும் விமானத்தில் செய்தியாளருக்கு அளிக்கும் பதிலும் இவற்றுக்குக் கீழே நிற்பவை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் இயேசுவைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலின் முன்னுரையில், அது தம் போதக அதிகாரத்தின் செயல் அன்று என்றும், யாரும் தம்மை மறுத்துரைக்கலாம் என்றும் தாமே எழுதினார். ஆயினும் வகை மட்டும் முடிவைத் தந்துவிடாது.

அடுத்து, வழுவா வரத்துக்கான நிபந்தனைகள் நிறைவேறியுள்ளனவா என்று சோதியுங்கள். 1870 ஜூலை 18 அன்று ஆயர்களின் பேரவையான முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அவற்றை வரையறுத்தது. திருத்தந்தை எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பரும் போதகருமாகச் செயல்பட வேண்டும். தம் உன்னத அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றிய ஒரு கோட்பாட்டை, திருச்சபை முழுவதும் ஏற்க வேண்டியதாக வரையறுக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது அவ்வகை வரையறை ஆகாது. ஐயம் எழுந்தால், 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 749-ஆம் சட்டம் வழிகாட்டுகிறது: தெளிவாகப் புலப்பட்டாலன்றி எதையும் வழுவா வரத்தோடு வரையறுக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது.

மூன்றாவதாக, வரையறுக்கும் வாக்கியத்தை அதைச் சூழ்ந்துள்ள வாதங்களிலிருந்து பிரித்தெடுங்கள். பலர் வழுக்கி விழும் இடம் இதுவே என்பதால் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். 1950 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இயேசுவின் தாய் மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்னும் விண்ணேற்பை அறிவித்த ஆவணம் நீளமானது. திருச்சபைத் தந்தையரின் மறையுரைகள், வழிபாட்டு விழாக்கள், ஆயர்களிடம் கேட்டறிந்த கருத்துகள் என அது பலவற்றை அடுக்குகிறது. ஆனால் ‘அறிவிக்கிறோம், வரையறுக்கிறோம்’ என்று வரும் ஒரே வாக்கியத்தில்தான் கோட்பாடு அடங்கியுள்ளது. அந்த வாக்கியமும் மரியா இவ்வுலக வாழ்வின் ஓட்டத்தை முடித்தபின் என்று மட்டுமே சொல்லி, அவர் இறந்தாரா என்ற கேள்வியைத் தீர்க்காமல் விடுகிறது. ஆவணத்தின் மற்றப் பகுதிகளில் அவரது இறப்பைப் பற்றிய பேச்சு இருப்பது உண்மைதான். எனினும் அது வரையறைக்குள் வரவில்லை.

நான்காவதாக, காலச்சூழலைப் பாருங்கள். திருத்தந்தை எட்டாம் போனிப்பாஸ் 1302-இல் வெளியிட்ட ‘ஊனாம் சாங்தாம்’ ஆணைமடல், பிரான்சு மன்னர் நான்காம் பிலிப்புடன் முற்றிய மோதலில் பிறந்தது. ஆன்மிக வாள், உலகியல் வாள் (அதாவது ஆன்மிக ஆட்சி, அரசியல் ஆட்சி) என்ற இரண்டும் திருச்சபையின் அதிகாரத்துக்குட்பட்டவை என அது வாதிடுகிறது. மீட்படைய உரோமை ஆயருக்கு, அதாவது திருத்தந்தைக்கு, கீழ்ப்பட்டிருத்தல் தேவை என்னும் இறுதி வாக்கியமே வரையறை எனப் பல இறையியலாளர் கொள்கின்றனர். அரசியல் வாதம் அந்தக் காலத்தின் குரல். இதைப் போலவே, 681-இல் மூன்றாம் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் திருத்தந்தை முதலாம் ஹொனோரியுசை அவர் எழுதிய கடிதங்களுக்காகக் கண்டித்தது, 1870-இல் வழுவா வரத்துக்கு எதிரான கடும் வாதமாக எழுந்தபோது, அக்கடிதங்கள் திருச்சபை முழுவதற்குமான வரையறை அல்ல என்று அவ்வரத்தை ஆதரித்தோர் பதிலளித்தனர்.

வரையறை இல்லையென்றால் கடமையும் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருத்தந்தையின் அதிகாரப்பூர்வமான போதனைக்கு, அது வழுவா வரத்தோடு வராதபோதும், அறிவும் மனமும் பணிய வேண்டும் என்றது. அப்பணிவின் அளவை ஆவணத்தின் தன்மை, ஒரே போதனை எத்தனை முறை திரும்ப வருகிறது, அது சொல்லப்படும் முறை ஆகியவற்றால் அறியலாம் என்றும் அதே சங்கம் கற்பித்தது.

இம்முறையைப் பழகிப் பார்க்க, திருத்தந்தைப் பணியைப் பற்றி 2024-இல் வத்திக்கானிலிருந்து வெளிவந்த ‘உரோமை ஆயர்’ என்ற ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெளியிட்டது கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான திருப்பீடத் துறை; அதன் தலைப்பிலேயே அது ஓர் ஆய்வு ஆவணம் என்று குறிக்கப்பட்டுள்ளது.