சமன்பாடு கிராமில் பேசாது: வேதியியல் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கலத்தில் 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் இருக்கின்றன. தீப்பொறி பட்டதும் இரண்டும் சேர்ந்து நீராகின்றன. வினை முடிந்த பிறகு எது மிஞ்சும்? கேட்டதும் பலர் ஆக்சிஜன் என்றுதான் சொல்வார்கள். 64 எங்கே, 10 எங்கே! ஆனால் மிஞ்சுவது ஹைட்ரஜன்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மோல் என்பது துகள்களை எண்ணும் அளவு: 6.022 × 10²³ துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல்; ஒரு மோலின் நிறையே மோலார் நிறை. ஹைட்ரஜன் வாயுவின் மோலார் நிறை 2 கிராம். ஆகவே 10 கிராமில் 5 மோல். ஆக்சிஜன் வாயுவுக்கு 32 கிராம்; 64 கிராமில் 2 மோல். 2 மோல் ஹைட்ரஜனுக்கு 1 மோல் ஆக்சிஜன் என்பது சமன்பாடு (2H₂ + O₂ → 2H₂O) தரும் விகிதம். அப்படியானால் இருக்கிற 2 மோல் ஆக்சிஜன் 4 மோல் ஹைட்ரஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி 1 மோல், அதாவது 2 கிராம் ஹைட்ரஜன், அப்படியே நிற்கும். உண்டாகும் நீர் 4 மோல், 72 கிராம். 72-உம் 2-உம் சேர்ந்து 74; தொடக்கத்தில் போட்டதும் 10 + 64 = 74. நிறை எங்கும் தொலையவில்லை, கணக்கு சரி.

சமன்பாட்டில் வாய்பாடுகளுக்கு முன்னால் நிற்கும் எண்கள் எண்ணிக்கையைச் சொல்கின்றன. தராசு நிறையைச் சொல்கிறது. பள்ளி வேதியியல் கணக்குகளில் நேரும் பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றெனக் கொண்டதோ, எதை எண்ணுகிறோம் என்பதை இடையில் மறந்ததோதான் அடியில் இருக்கும்.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆவதைப் பாருங்கள். விகிதம் 1 : 3 : 2. இதைக் கிராமாகப் படித்தால் 1 கிராமும் 3 கிராமும் சேர்ந்து 2 கிராம் தந்ததாக ஆகும். 2 கிராம் காற்றில் கரைந்ததா? சரியாகப் படித்தால் 28 கிராம் நைட்ரஜனும் 6 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்து 34 கிராம் அம்மோனியா.

எது முதலில் தீரும்?

கிராமை மோலாக மாற்றிய பிறகும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. மோல் குறைவாக இருப்பதே முதலில் தீரும் என்று முடிவு கட்டிவிடுவது. 2 மோல் நைட்ரஜனும் 3 மோல் ஹைட்ரஜனும் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். எண்ணைப் பார்த்தால் நைட்ரஜன் குறைவு. ஆனால் ஒரு மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும். 2 மோல் நைட்ரஜன் முழுவதும் தீர 6 மோல் தேவை, இருப்பதோ 3. ஹைட்ரஜன்தான் முதலில் தீர்கிறது. அதுவே இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

குழப்பம் வராமலிருக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வினைபடுபொருளின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுத்துவிடுங்கள். நைட்ரஜனுக்கு 2 ÷ 1 = 2; ஹைட்ரஜனுக்கு 3 ÷ 3 = 1. எதற்குச் சிறிய விடை வருகிறதோ அதுதான் கட்டுப்படுத்துவது. அதன்பின் விளைபொருளின் அளவை அதிலிருந்து மட்டுமே கணக்கிட வேண்டும்: 3 மோல் ஹைட்ரஜனிலிருந்து 2 மோல் அம்மோனியா, 34 கிராம். 1 மோல் நைட்ரஜன், 28 கிராம், மிச்சம். இரண்டு வினைபடுபொருள்களிலிருந்தும் தனித்தனியாக விளைபொருளைக் கணக்கிட்டு இரண்டையும் கூட்டிவிடும் விடைத்தாள்களும் உண்டு. கடைசியில் நிறையைச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

வாய்பாட்டில் கைவைக்கக் கூடாது

மோல் விகிதம் சமன்பாட்டிலிருந்து வருவதால், சமன்பாடு தவறினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே தவறும். சமன் செய்யும்போது மாற்ற உரிமையுள்ளது முன்னால் நிற்கும் எண் மட்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராகும் வினையில் இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 1. நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிட்டால் எண்ணிக்கை அழகாகச் சமமாகும்தான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது நீர் ஆகாது, ஹைட்ரஜன் பெராக்சைடு. குடிக்கும் பொருளை வெளுக்கும் பொருளாக மாற்றியாயிற்று.

எரிதல் வினைகளில் கார்பன், பிறகு ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன் என்ற வரிசை வேலையைக் குறைக்கும். ஆக்சிஜன் தனித் தனிமமாக நிற்பதால் அதன் எண்ணை மாற்றினால் வேறெதுவும் கலையாது. ஈத்தேன் எரியும்போது ஆக்சிஜனுக்கு மூன்றரை வரும். பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் 2 ஆல் பெருக்குங்கள். ஈத்தேன் 2, ஆக்சிஜன் 7, கார்பன் டை ஆக்சைடு 4, நீர் 6.

மோலார் நிறை காணும்போது அடைப்புக்குறி தடுக்கிவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடில் [Ca(OH)₂] அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டுக்கும் உரியது. 40 + 2 × (16 + 1) = 74. ஹைட்ரஜனை மட்டும் இரட்டித்தால் 58 வரும். அலுமினியம் சல்பேட்டில் இது இன்னும் பெரிய ஓட்டையாகும்: 2 × 27 + 3 × 96 = 342 என்பதில் 3 கந்தகமும் 12 ஆக்சிஜனும் அடங்கியிருக்கின்றன.

தனிமங்களில் இன்னொரு தடுமாற்றம். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனியே இருக்கும்போது ஈரணு மூலக்கூறுகள். 8 கிராம் ஆக்சிஜன் வாயுவில் 0.25 மோல் மூலக்கூறுகள், ஆனால் 0.5 மோல் அணுக்கள். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் 6.022 × 10²³ ஆல் பெருக்கினால் விடை இரட்டிப்பாகவோ பாதியாகவோ போய்விடும். அயனிகளிலும் இதே கதைதான்: 0.2 மோலார் (ஒரு லிட்டர் கரைசலில் 0.2 மோல்) கால்சியம் குளோரைடு கரைசலில், ஒவ்வொன்றும் இரண்டு குளோரைடு அயனிகளைத் தருவதால், குளோரைடு அயனியின் செறிவு 0.4 மோலார்.

வாயுவின் 22.4

ஒரு மோல் என்றால் 22.4 லிட்டர் என்று மனப்பாடம் செய்தவர்கள் அதைக் கண்ட இடத்திலெல்லாம் பயன்படுத்துகிறார்கள். அது வாயுவுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியசும் 1 வளிமண்டல அழுத்தமும் இருக்கும்போது. ஒரு மோல் திரவ நீர் 18 கிராம்; அது ஏறக்குறைய 18 மில்லிலிட்டர் இடத்தைத்தான் அடைக்கும். 1982-இல் திட்ட அழுத்தம் 1 பார் என மாற்றப்பட்டதால் சில நூல்களில் 22.7 லிட்டர் என்றிருக்கும். இரண்டும் சரி, அழுத்தம்தான் வேறு. கேள்வியில் எந்த நிலை கொடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பாருங்கள்.

வாயு விதிக் கணக்குகளில் வெப்பநிலையைக் கெல்வினுக்கு (செல்சியஸ் + 273) மாற்றாமல் விடுவது இன்னொரு பிழை. 27 டிகிரி செல்சியசில் 300 மில்லிலிட்டர் இருக்கும் வாயுவை, அழுத்தம் மாறாமல் 54 டிகிரிக்குச் சூடாக்கினால் கன அளவு இரட்டிப்பாகாது. 300 கெல்வின் 327 கெல்வினாகிறது, அவ்வளவே. கன அளவு 327 மில்லிலிட்டர்.

கரைசல் தயாரிக்கும்போது

தாளில் கணக்குச் சரியாக வந்தும் மேசையில் தவறுவது இங்கேதான். எனவே ஒரு கரைசலை முழுவதுமாகத் தயாரித்துப் பார்ப்போம்: 0.1 மோலார் காப்பர் சல்பேட், 250 மில்லிலிட்டர்.

தேவை 0.1 × 0.250 = 0.025 மோல். 250 என்று அப்படியே பெருக்கினால் 25 மோல் வரும். மில்லிலிட்டரை லிட்டராக்க மறப்பதன் விளைவு அது. அடுத்து, புட்டியில் இருப்பது எது? நீலப் படிகமான மயில்துத்தத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுடனும் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன. மோலார் நிறை 159.5 + 90 = 249.5. அதன் வாய்பாட்டின் (CuSO₄·5H₂O) நடுவிலுள்ள புள்ளியைப் பெருக்கல் குறியாகப் படிக்காதீர்கள், கூட்டுங்கள். எடுக்க வேண்டியது 6.24 கிராம். நீரற்ற உப்பின் 159.5-ஐ வைத்துக் கணக்கிட்டு 3.99 கிராம் நீலப் படிகத்தைப் போட்டால் கரைசல் 0.064 மோலாராகத்தான் இருக்கும்.

நிறுத்து எடுத்த படிகத்தை முகவையில் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, புனல் வழியாகத் திட்டக் குடுவைக்கு மாற்றுங்கள். முகவையையும் கண்ணாடிக் கோலையும் புனலையும் இரண்டு மூன்று முறை சிறிதளவு நீரால் அலசி, அந்த நீரையும் குடுவையிலேயே விடுங்கள்; ஒட்டியிருக்கும் உப்பும் கணக்கில் சேர்ந்தது. பிறகு குடுவையின் கழுத்திலுள்ள கோடு வரை நீர். கடைசிச் சில துளிகளைச் சொட்டுக் குழாயால் விட்டு, நீர்மட்ட வளைவின் அடிப்பகுதி கோட்டைத் தொடுவதைக் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மூடியைப் போட்டுப் பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

இதற்குப் பதிலாக 250 மில்லிலிட்டர் நீரை அளந்து அதில் உப்பைப் போடக் கூடாது. மோலாரிட்டி கரைசலின் கன அளவை வைத்துச் சொல்லப்படுவது, ஊற்றிய நீரை வைத்து அல்ல. கரையும்போது சூடாகும் சோடியம் ஹைட்ராக்சைடு போன்றவற்றை ஆற வைத்த பிறகே கோடு வரை நிரப்ப வேண்டும்; சூட்டில் விரிந்த கரைசல் ஆறியதும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். நீர் கோட்டைத் தாண்டிவிட்டால் மேலே உள்ளதை உறிஞ்சி எடுத்துச் சரிக்கட்ட முயல வேண்டாம். நீரோடு கரைபொருளும் வெளியே வந்துவிடும். கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே வழி.

நீர்க்கச் செய்யும் கணக்கில் தவறு ஒரே சொல்லில் நுழைகிறது. 2 மோலார் கரைசல் 100 மில்லிலிட்டரை 0.5 மோலாராக்க எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும்? முன்னும் பின்னும் செறிவு × கன அளவு சமம் என்ற சூத்திரம் 400 மில்லிலிட்டர் என்று விடை தரும். அது இறுதிக் கன அளவு. சேர்க்க வேண்டிய நீர் 300. அமிலமாக இருந்தால் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அடர் கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால் அந்தச் சூட்டில் நீர் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும்.

தரம் பார்த்தலில்

ஒரு கரைசலோடு முழுமையாக வினைபுரிய இன்னொரு கரைசல் எவ்வளவு வேண்டும் என்று அளப்பதே தரம் பார்த்தல். 0.1 மோலார் கந்தக அமிலம் 20 மில்லிலிட்டரை நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு? நீர்க்கச் செய்யும் சூத்திரத்தையே இங்கும் கொண்டுவந்து 20 என்று எழுதுகிறார்கள். ஒரு மோல் கந்தக அமிலத்துக்கு 2 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. விடை 40 மில்லிலிட்டர். அமிலத்தின் மோலைக் கண்டுபிடித்து, சமன்பாட்டின் விகிதத்தால் பெருக்கி, பிறகு கன அளவுக்குப் போங்கள்.

கருவிகளை அலசுவதிலும் எண்ணிக்கைதான் பேசுகிறது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டையும், குறித்த அளவை எடுத்து மாற்றும் பிப்பெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். உள்ளே ஒட்டிய நீர் செறிவைக் குறைத்துவிடும். கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் அலசினால் போதும். அதைக் கரைசலால் அலசினால் பிப்பெட் அளந்து விட்டதற்கு மேல் மோல்கள் உள்ளே தங்கிவிடும். அதில் சிறிது நீர் இருந்தால் கெடுதலில்லை, மோல் எண்ணிக்கை மாறாது. பியூரெட்டின் திருகுக்குக் கீழே காற்றுக்குமிழி இல்லாதிருப்பதையும், மேலே வைத்த புனலை எடுத்துவிட்டதையும் அளவீட்டுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரமாக முழு எண்ணாக்குதல்

ஓர் இரும்பு ஆக்சைடில் 70 சதவீதம் இரும்பு, 30 சதவீதம் ஆக்சிஜன். அதன் வாய்பாட்டைக் காண ஒவ்வொன்றையும் அதன் அணு நிறையால் வகுக்கிறோம். 70 ÷ 56 = 1.25; 30 ÷ 16 = 1.875. சிறியதால் வகுத்தால் 1 : 1.5. இந்த 1.5-ஐ 2 என்று திருத்திவிடும் கை பலருக்கு. இரண்டையும் 2 ஆல் பெருக்க வேண்டும்: 2 : 3. அதேபோல 1.33 வந்தால் 3 ஆல், 1.25 வந்தால் 4 ஆல். 1.98, 3.02 போல முழு எண்ணை ஒட்டி வருவதை மட்டுமே முழு எண்ணாகக் கொள்ளலாம். இடைப்படிகளில் மூன்று நான்கு தசம இடங்களை விட்டுவைத்து, கடைசி விடையில் மட்டும் சுருக்குங்கள்.

ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பத்தின் அடுக்குகளில் சொல்லும் பி.எச். மதிப்பிலும் எண்ணத் தவறுவது உண்டு. 5-லிருந்து 3-க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 100 மடங்கு கூடுகிறது, இரண்டு மடங்கல்ல. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பி.எச். 8 என்று எழுதினால் அமிலத்தைக் காரமாக்கிவிடுகிறோம். 25 டிகிரியில் தூய நீரே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனிகளைக் கொண்டிருக்கிறது. இவ்வளவு நீர்த்த கரைசலில் அவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் விடை 6.98.